சீட்டுக்கு அப்புறம் மூன்று வருஷம்

எம்.டி. குழந்தை மருத்துவத்தில் என் சித்தப்பா மகளுக்கு இடம் கிடைத்த அன்று எங்கள் காலனியில் வெடி வெடித்தார்கள். அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு பேனர் வைத்தார்கள். வாசகம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு ஊரில் எப்போதும் கிடைக்கிற வேலை அது. மூன்று வருஷம் கழித்து அவள் பாஸ் செய்து வந்தபோதும் பையன்கள் பேனருக்குக் காசு வசூல் பண்ணி வைத்திருந்தார்கள். "வேணாம்ணா. இன்னொரு வாட்டி என் மூஞ்சிய எங்கயும் ஒட்டாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்று ராத்திரி வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து அந்த மூன்று வருஷத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவளை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, ஜெயிச்சாச்சு ஜெயிச்சாச்சு என்று கத்திக்கொண்டே திரும்பி வந்தவர்களில் நானும் ஒருத்தன். நம் இயக்கங்கள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. வாசலுக்காகப் போராடுகிறோம். வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது பற்றி நம்மிடம் பேச்சே கிடையாது. இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்கு எதிரானது. முதல் குற்றவாளி நான்.

வாசல் சண்டை லேசான சண்டை என்று நான் சொல்லவில்லை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையில் பதினான்கு இடத்தில் இரண்டு இடம் நமக்கு இருந்தது. அதுகூடப் பொறுக்கவில்லை. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத செண்பகம் துரைராசனின் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதே வருஷம் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. முதுநிலை மருத்துவத்தில் அகில இந்தியத் தொகுப்பு என்று மாநிலங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிற இடங்களில் எஸ்.சி., எஸ்.டி. ஒதுக்கீடு 2007இல்தான் வந்தது. அதுவரை இருபது வருஷம் அந்த இடங்கள் நமக்குப் பூட்டிய கதவு. இதெல்லாம் நமக்கு மனப்பாடம். மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்லி முடித்ததும் கை தட்டுகிறார்கள். நாமும் இறங்கி வந்துவிடுகிறோம்.

இனி உள்ளே போவோம்.

*

எம்.பி.பி.எஸ். முடித்து, பயிற்சி மருத்துவராக ஒரு வருஷம் முடித்து, நீட் பி.ஜி. என்ற தேர்வை எழுதி, அப்புறம் மூன்று வருஷம் எம்.டி. ஆங்கிலத்தில் ரெசிடென்ட் என்பார்கள். ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கிறவர் என்று அர்த்தம். மாணவர் என்ற பெயரில் சேர்க்கிறார்கள். ஆஸ்பத்திரியை நடத்துகிற கூலியாளாக வைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், உதவித்தொகை என்பார்கள்.

இந்த மூன்று வருஷத்துக்குள் பொது வார்டு, புறநோயாளிப் பிரிவு, பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, பெரிய குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, சிறுநீரகம், நரம்பு, இருதயம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். 2020இல் வந்த விதிப்படி மூன்று மாதம் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அதற்கு ஒரு வழிகாட்டி. செய்கிற ஒவ்வொரு வேலையையும் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் நான்கு தாள் எழுத்துத் தேர்வு. அப்புறம் செய்முறையும் வாய்மொழியும். நான்கு தேர்வாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள், இரண்டு பேர் அதே ஆஸ்பத்திரிக்காரர்கள்.

மேலே யூனிட் சீஃப். அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள். அவர்களுக்குக் கீழே மூன்றாம் வருஷம், இரண்டாம் வருஷம், முதல் வருஷம். முதல் வருஷத்தை மிதிக்கிற உரிமை இரண்டாம் வருஷத்துக்கு. இரண்டாம் வருஷத்தை மிதிக்கிற உரிமை மூன்றாம் வருஷத்துக்கு. ஒவ்வொருத்தனுக்கும் மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன். கீழே ஒருத்தன் இருக்கிறான் என்கிற திருப்தியில் மேலே இருப்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த ஏணியை நமக்கு வேறொரு இடத்தில் நன்றாகத் தெரியும். சாதியை ஏணிப்படி ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் விளக்கினார். மனுவைப் படிக்காத டாக்டரும் இந்த ஏணியில் ஒழுங்காக ஏறி இறங்குகிறார்.

"எல்லா முதல் வருஷத்துக்கும் கஷ்டந்தானே, இதுல சாதி எங்க வந்தது?" என்று கேட்கிற தோழர்கள் உண்டு. எல்லாருக்கும் கஷ்டம்தான். ஆனால் மற்றவர்கள் ஒரு வருஷத்தில் அந்தப் படியிலிருந்து ஏறிவிடுகிறார்கள். எங்கள் பெண் இரண்டாம் வருஷம் போனபோது அவளுக்குக் கீழே வந்த முதல் வருஷப் பையன் அவளுக்குக் கீழே நிற்கவில்லை. "நீங்களே சாம்பிள் கொண்டு போயிடுங்களேன்" என்றானாம். யூனிட்டில் யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏணி ஒன்றுதான். நமக்கு மட்டும் படி நகர்வதில்லை.

*

அவள் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? கலந்தாய்வு முடிந்ததும் பட்டியல் வெளியிடுகிறார்கள். அதில் எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்று ஒரு கட்டம், அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று இன்னொரு கட்டம். அவளுக்கு முதல் கட்டத்தில் பொதுப்பிரிவு, இரண்டாவது கட்டத்தில் எஸ்.சி. என்று இருந்தது. அதாவது பொதுப்போட்டியில் மார்க் எடுத்து வந்தவள். சீனியர்கள் இரண்டாவது கட்டத்தை மட்டும் படித்திருக்கிறார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னாலேயே அவள் சாதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

பட்டியலில் சாதியை மறைத்துவிடலாம் என்று சில நல்லவர்கள் யோசனை சொல்வார்கள். அது நமக்கு வேண்டாம். மறைத்தால் நம் இடத்தையே தின்றுவிடுவார்கள். பட்டியலைக் காட்டச் சொல்லித்தான் நாம் சண்டை போட்டிருக்கிறோம். வெட்கப்பட வேண்டியது பட்டியலில் பெயர் இருப்பவர்கள் கிடையாது.

டியூட்டி போடுவது சீனியர். ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதி ஒட்டுவார்கள், சில சமயம் அதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். தீபாவளி, பொங்கல், ஞாயிறு எல்லாம் அவளுக்கு. பரவாயில்லை என்று செய்தாள். எங்க சனத்துக்கு வேலைக்கு அஞ்சத் தெரியாது. அவளை உடைத்தது வேறு.

குழந்தை மருத்துவம் என்பது கையால் கற்றுக்கொள்கிற தொழில். ஒன்றரைக் கிலோ குழந்தையின் நூல் மாதிரி இருக்கிற நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். தொப்புள் நரம்பு வழியாகக் குழாய் செலுத்த வேண்டும். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும். பிறந்து மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். புத்தகத்தில் இதெல்லாம் வராது. பக்கத்தில் ஒருத்தர் நின்று, "இப்பிடிப் புடி, இங்க சாய்" என்று சொல்லிக்கொடுத்தால்தான் வரும். அந்த "இப்பிடிப் புடி" அவளுக்குக் கிடைக்கவில்லை. முதுகுத்தண்டு நீர் எடுக்கும்போது குழந்தையை வளைத்துப் பிடித்துக்கொள்ள அவளைக் கூப்பிடுவார்கள். ஊசி வேறொருத்தர் கையில். ரத்தக் குப்பிகளை லேபுக்குக் கொண்டு போவது, ரிசல்ட் வாங்கி வருவது, கேஸ் ஷீட் எழுதுவது அவள் வேலை. பதிவேட்டில் கட்டம் காலியாகக் கிடக்கிறது. "ஏம்மா ஒண்ணுமே பண்ணல? இன்ட்ரஸ்ட் இல்லையா?" என்று கேட்டாராம் சீஃப்.

'தகுதி, திறமை' என்று பாட்டுப் பாடுகிறார்களே, அது தயாராகிற இடம் இதுதான். தகுதி என்பது பிறக்கும்போது கூட வருகிற மச்சம் கிடையாது. ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுப்பது. கொடுக்கிற கை ஆள் பார்த்துக் கொடுக்கிறது. கொடுக்காமல் விட்டுவிட்டு, பாரு, கோட்டாவுல வந்தவங்களுக்குக் கை வரலே என்று சொல்கிறது. துரோணன் கற்ற பின்னால் கட்டைவிரலைக் கேட்டான். இவர்கள் விரலுக்கு வேலையே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

தகுதிக்கு இவர்கள் வைத்திருக்கிற மரியாதையும் நமக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் நீட் பி.ஜி. தேர்வின் தகுதிக் கோட்டை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜிய பர்சன்டைல் என்று மத்திய அரசு இறக்கியது. இடங்கள் காலியாகக் கிடந்தன, நிரப்ப வேண்டியிருந்தது. பூஜ்ஜியம். அப்போது எந்தப் பத்திரிகையின் நடுப்பக்கத்திலும் மருத்துவத்தின் தரம் செத்துப்போனதாக ஒப்பாரி கேட்டதாக எனக்கு நினைவில்லை. கோடு நமக்காக ஓரங்குலம் இறங்கினால் நாடு கெட்டுவிடும். காலி சீட்டுக்காகத் தரைக்கு இறங்கினால் அது நிர்வாகம்.

*

1992 ஜூன் மாதத்தில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. ரெசிடென்ட் மருத்துவரின் தொடர் வேலை சாதாரணமாக ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று. 2023 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதியில் அந்த எண் காணாமல் போய் "நியாயமான வேலை நேரம்" என்று மட்டும் இருக்கிறது. நியாயம் எத்தனை மணி நேரம் என்று யார் சொல்வது? டியூட்டி போடுகிற சீனியர்தான். அவள் காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மறுநாள் சாயங்காலம்தான் வெளியே வருவாள்.

இதில் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் 10 கிலோ எடைக்கு, கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லி. அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50. அதற்கு மேல் 20. அதை மணிக்கு எத்தனை, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று பிரிக்க வேண்டும். மருந்தும் அப்படித்தான், எடைக்கு எடை. ஒரு புள்ளி தள்ளிப்போனால் பத்து மடங்கு. ராத்திரி மூன்று மணிக்கு, முப்பது மணி நேரம் கண் மூடாத ஒருத்தர் அந்தப் புள்ளியை வைக்கிறார். அந்தக் கட்டிலில் கிடக்கிற பிள்ளை யாருடையது? வசதி இருக்கிறவர்கள் அந்த வார்டுக்கு வருவதில்லை. டாக்டர் தொழில் பழகுவது கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் நரம்பில். நான்கு தடவை குத்தி ஐந்தாம் தடவை நரம்பு கிடைக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பழக வேண்டாம் என்று சொல்லவில்லை, பழகாமல் டாக்டர் உருவாக முடியாது. ஆனால் இந்தக் கல்விக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் நாம். பாதிக் கட்டணம் நம் பிள்ளைகளின் கையில் இருக்கிற ஊசித் தழும்பு. ஆகவே இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று கேட்கிற உரிமை மருத்துவ ஆணையத்துக்கு இருப்பதைவிட நமக்கு அதிகம்.

அப்படிக் கொடுத்த தாய்க்கு என்ன மரியாதை? "ஏம்மா இவ்ளோ லேட்டா தூக்கிட்டு வந்தே? அறிவில்ல?" இதுவும் பயிற்சியின் ஒரு பகுதி. பாடத்திட்டத்தில் இருக்காது. சீனியர் திட்டுவதைப் பார்த்து ஜூனியர் கற்றுக்கொள்கிறார். கேஸ் ஷீட்டில் குடும்பத்தின் நிலையைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. குப்புசாமி அளவுகோல் என்று 1976இல் வந்தது. படிப்பு, தொழில், வருமானம் மூன்றையும் கூட்டி வகுப்புப் பிரிப்பார்கள். சாதி அதில் கிடையாது. ஆனால் கிராமத்துக்கென்று உதய் பரீக்கும் திரிவேதியும் 1964இல் செய்த அளவுகோலில் சாதி உண்டு. பட்டியல் சாதிக்கு மதிப்பெண் 1, ஆதிக்க சாதிக்கு 6. அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே சாதி உடம்பைத் தொடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வார்டில் மட்டும் சாதி கண்ணுக்குத் தெரிவதில்லை. தாய் ஏன் நேரம் கழித்து வந்தாள் என்ற கேள்விக்கு, காலனிக்குள் பஸ் வராது, ஆண்டை வீட்டுக் களையெடுப்பை விட்டுவிட்டு வந்தால் மறுநாள் வேலை இல்லை என்ற பதில் எந்தக் கட்டத்திலும் ஏறாது. கீழே 'தாயின் கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

*

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஊரறிந்த சாட்சி வேண்டுமா? பாயல் தாத்வி. தாத்வி பில் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. படித்துக்கொண்டிருந்தார். 2019 மே 22 அன்று ஹாஸ்டல் அறையில் செத்துப்போனார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மூன்று சீனியர் பெண் மருத்துவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2020 அக்டோபரில் அவர்கள் திரும்பிப் போய்ப் படிப்பை முடிக்க உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அவர்கள் படிப்பு வீணாகக்கூடாதாம். பாயலின் தாய் அபேதா தாத்வியும், ரோகித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலாவும் 2019இல் சேர்ந்து உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். இயக்கங்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வழக்கைப் பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்கள் எடுத்துச் செய்தார்கள்.

அதற்கு முன்னால், டெல்லி எய்ம்ஸில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் மீதான பாகுபாட்டை விசாரிக்க 2006இல் தோரட் கமிட்டி போட்டார்கள். 2007இல் அறிக்கை வந்தது. ஹாஸ்டலில் ஒதுக்கி வைப்பதிலிருந்து ஆசிரியர்களின் புறக்கணிப்பு வரை பதிவு செய்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்தோம்? தமிழில் ஏன் அது ஒரு சிறு வெளியீடாகக்கூட ஊர் ஊராகப் போகவில்லை?

இவ்வளவையும் தாண்டி எம்.டி. முடித்தவர்களுக்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறது. டி.எம். பச்சைக் குழந்தை மருத்துவம், குழந்தை நரம்பியல், குழந்தை இருதயவியல். இன்னும் மூன்று வருஷம். அங்கே நமக்கு ஒதுக்கீடே கிடையாது. மண்டல் வழக்கில் 1992இல் கொடுத்த தீர்ப்பிலேயே இதற்கு அடி போட்டார்கள். 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உயர் சிறப்புப் படிப்பில் ஒதுக்கீடு கூடாது என்று கதவைச் சாத்தியது. தமிழ்நாட்டில் 2020இல் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு அந்தப் படிப்புகளில் 50 விழுக்காடு தனியே ஒதுக்கினார்கள். நல்லதுதான். ஒதுக்கினால் வானம் இடிந்து விழாது என்று அதிலேயே தெரிந்துவிட்டதே. அப்புறம் சாதிக்கு மட்டும் ஏன் கூடாது?

இதன் பலன் பிந்தி வரும். டி.எம். படித்தவர்தான் நாளைக்கு அந்தத் துறைக்குத் தலைவர். அவர்தான் வழிகாட்டி. அவர்தான் தேர்வாளர். அந்த நாற்காலியில் நம் ஆள் இல்லை என்றால் கீழே பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற கையும் நம்முடையது இல்லை. மேல்மாடியில் சாத்திய கதவுதான் கீழ்மாடியில் ஊசியைப் பிடுங்குகிறது.

*

செய்ய வேண்டியது என்ன? புரட்சி வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

டியூட்டிப் பட்டியலை ஒவ்வொரு வார்டிலும் எழுத்தில் ஒட்ட வேண்டும், மணி நேரத்தோடு. மாதாமாதம் எந்த மாணவர் எந்த வேலையை எத்தனை தடவை செய்தார் என்ற கணக்கை சீஃப் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். ஒரு மாணவரின் கட்டம் காலியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் சீஃப், மாணவர் இல்லை. செய்முறைத் தேர்வில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும். புகார் வாங்குகிற குழுவில் அந்த ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்து ஆட்கள் வேண்டும்; புகார் கொடுத்தவளை வாய்மொழியில் கேள்வி கேட்கப் போகிறவரே விசாரிக்கிற கூத்து நிற்க வேண்டும். உயர் சிறப்புப் படிப்பில் ஒதுக்கீடு வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நாளைக்கே கேட்கலாம். ஒரு மருத்துவக் கல்லூரியின் டியூட்டிப் பட்டியலைக் கேட்டு நம் அமைப்பு எதுவும் ஒரு மனு போட்டதுண்டா? எங்கள் அமைப்பு போட்டதில்லை. எனக்குத் தெரியும், நான் அதன் மாவட்டப் பொறுப்பில் இருக்கிறேன்.

அவள் எப்படித் தேறினாள் என்று கேட்டேன். ராத்திரி வார்டில் துப்புரவு வேலை பார்க்கிற ஓர் அம்மா, நாலு மணிக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து, "குடி கண்ணு, கண்ணு சொருவுது பாரு" என்று பக்கத்தில் உட்காருமாம். வெளியூரிலிருந்து மூன்று மாதம் வந்த ஒரு மருத்துவர் பெயரும் ஊரும் கேட்காமல் கையைப் பிடித்து முதுகுத்தண்டு ஊசியைக் கற்றுக்கொடுத்தாராம். இரண்டு பேரின் தயவில் ஒரு டாக்டர். தயவில் நடக்கிற இடத்துக்குப் பெயர் கல்வி நிலையம் கிடையாது.

இப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள், திட்டு விழும் என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டே. இவள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எந்த பஸ்சுக்கு வந்தீங்கக்கா? மொத பஸ்சு எத்தன மணிக்கு?" அந்தக் கேள்வியை மூன்று வருஷத்தில் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. காலனியிலிருந்து கொண்டு போனது.

நம் காலனிகளில் இன்னும் பிள்ளைகளுக்கு சீட்டு கிடைக்கும். வெடி வெடிப்போம், அதில் தப்பில்லை. மறுநாள் காலையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், டியூட்டிப் பட்டியலை எடுத்துக் காட்டு என்று கேட்கவும் நாலு பேர் வேண்டும். பேனருக்கு வசூல் பண்ணுகிற பையன்களே போதும்.